சாமிமலை டிரைவரும் பால் தேத்தண்ணியும்

சாமிமலையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் காலை பஸ்ஸை ஓட்டிய லியனார்டுக்கு மலைரோட்டின் எந்த முடக்கு வளைவைக் கண்டும் பயம் கிடையாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம், நடுவில் ஒரு பஸ் மட்டுமே நுழையக்கூடிய ரோடு. பனி இறங்கி முன்னால் போகிற மாடுகூடத் தெரியாத காலைகளிலும் ஹாரனை அடித்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் வண்டியைத் திருப்புவான். அவன் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது அவனுடைய வயிறு.

மஸ்கெலியாவில் நின்று கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், வயிற்றுக்குள் யாரோ தேயிலைப் பெட்டியை உருட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அடுத்த சத்தத்தில் நெற்றி வியர்க்கும். அதற்கடுத்த சத்தத்துக்கு அவன் காத்திருப்பதில்லை. வண்டியை ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்து குதித்தான் என்றால், தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிடுவான்.

கண்டக்டர் செல்லசாமி விசுவாசமான பிள்ளை. ரேடியேட்டர் சூடாகிவிட்டது, டிரைவர் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார் என்று பயணிகளுக்குச் சொல்லிவைப்பான். ஆனால் தண்ணீர் வாளி பஸ்ஸுக்குள்ளேயே கிடப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். டிக்கோயாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு அடிக்கடி போய்வரும் ராக்காயிதான் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள்.

"டிரைவர் தம்பி, மலைக்கு ஒரம் போட தோட்டத்துத் தொரை வேற ஆள் வச்சிருக்காரு. நீங்க வந்து வண்டிய எடுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. லியனார்டும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் யார் முகத்தையும் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

அந்த இடத்தில் உட்கார அவன் பட்டபாடு அவனுக்குத்தான் தெரியும். சாமிமலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவன். கொழுந்துக் கூடைக்கும் மண்வெட்டிக்கும் தப்பி, ஹட்டன் கராஜில் பஸ் கழுவப் போனான். கழுவினவன் கிளீனர் ஆனான். கிளீனர் டிரைவர் ஆனான். தோட்டத்து ஆள் ஒருவன் அந்த ரோட்டில் பஸ் ஓட்டியது அதுதான் முதல் தடவை. அவன் முதன்முதலாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, மஸ்கெலியாவில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நல்லமுத்து தானே எழுந்து வந்து, ஆடை மிதக்கும் பால் தேத்தண்ணியைப் பெரிய கிளாஸில் நீட்டினார்.

அந்த ரோட்டின் வழக்கம் அது. பஸ் நிற்கிற கடையில் டிரைவருக்குப் பால் தேத்தண்ணி. காசு வாங்குவது கிடையாது. பயணிகள் எல்லோரும் பால் கலக்காத சாயத்தண்ணிதான் குடிப்பார்கள், உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு. டிரைவருக்குத் தரும் பால் எவ்வளவு திக்காக இருக்கிறதோ அவ்வளவு அந்தக் கடைக்குக் கௌரவம். நல்லமுத்து அதற்காகவே வீட்டுக்குப் பின்னால் ஒரு பசு வளர்த்தார். லயத்தில் பாலையே கண்டறியாத லியனார்ட், அந்த முதல் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். அன்றிலிருந்து மஸ்கெலியாவில் ஒன்று, நோர்வூட்டில் ஒன்று, டிக்கோயாவில் ஒன்று. திரும்பி வரும்போதும் அப்படியே.

வயிறு கெட ஆரம்பித்ததும் மற்ற டிரைவர்கள் கூடி, இது எஞ்சின் சூடு என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாள் முழுக்க எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பு கொதிக்காமல் என்ன செய்யும்? சூட்டைத் தணிக்கப் பாலும் தயிரும் மோரும் தாராளமாகச் சேர்க்க வேண்டுமாம். லியனார்ட் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மனைவி மரியநாயகி ராத்திரிச் சோற்றில் தயிரைக் கொட்டினாள்; விடிந்ததும் ஊறிய வெந்தயத்தை மோரில் கலக்கிக் கொடுத்தாள். சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்து முழுகினான். வயிறு அடங்குவதற்குப் பதிலாக இன்னும் துள்ளியது.

ஹட்டனில் ஒரு டாக்டரிடமும் போனான். அவர் நன்றாக அழுத்திப் பார்த்து, ஆஸ்பத்திரியில் சோதனையும் செய்வித்து, புண்ணும் இல்லை பூச்சியும் இல்லை என்று சொன்னார். எதைச் சாப்பிட்டால் வருகிறது என்று கவனித்துப் பார்க்கச் சொன்னார். லியனார்ட் அன்றே மிளகாயை விட்டான். வாய் சப்பென்று போனதற்கு ஈடாக இன்னொரு கிளாஸ் பால் குடித்தான்.

இதற்குள் புகார்கள் கம்பெனிக்குப் போய்விட்டன. மனேஜர் பத்திநாதன் அவனைக் கூப்பிட்டு ஒரு தரம் எச்சரித்து அனுப்பினார். அது ஐம்பத்தைந்தாம் வருடத்தில், கிறிஸ்தவர்களின் தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் விபூதிப் புதனுக்கு முந்திய வாரம்.

தவக்காலம் பிறந்தது. கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த லியனார்ட், இந்த முறை ஆண்டவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேரம் பேசினான். பாஸ்குத் திருநாளான உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இறைச்சி இல்லை, சாராயம் இல்லை, பால் தேத்தண்ணியும் இல்லை. அதற்குப் பதில் வயிற்றை மட்டும் சரிப்படுத்திக் கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்த தயிர், மோரையும் நிறுத்தினான். கேட்டவர்களிடம் எல்லாம் ஒறுத்தல் என்றான். நல்லமுத்து சைவக்காரரானாலும் விரதம் என்றால் மதிக்கிறவர். மறுபேச்சில்லாமல் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அதோடு ஆண்டவருக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம் என்று, லியனார்ட் தானே ஒரு மருந்தும் தயாரித்தான். ஓமம், சுக்கு, பெருங்காயம், காய்ந்த கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து இடித்த பொடி. காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை.

ஒரு வாரத்தில் வயிறு வாயை மூடிக்கொண்டது. அடுத்த வாரம் அப்படி ஒரு வயிறு இருப்பதே அவனுக்கு மறந்துபோனது. மஸ்கெலியாவில் எடுத்த வண்டி நோர்வூட்டில்தான் நின்றது.

பொடியின் புகழ் பஸ்ஸைவிட வேகமாக ஓடியது. ஏறுகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் பொடி கேட்டார்கள். லியனார்ட் காகிதத்தில் மடித்து மடித்துக் கொடுத்தான். பிள்ளைத்தாய்ச்சிகளும் கங்காணிமாரும் வாங்கிக்கொண்டு போனார்கள். சிலருக்கு ஏப்பம் வந்தது, சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் டிரைவருக்கே கேட்ட மருந்தாயிற்றே என்று யாரும் குறை சொல்லவில்லை. செல்லசாமி அதை டின்னில் அடைத்து விற்கலாம் என்றுகூட யோசனை சொன்னான்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மரியநாயகி ஆட்டிறைச்சிக் கறியும், கடைசியில் ஒரு கிண்ணம் தயிரும் வைத்தாள். மறுநாள் திங்கட்கிழமை. விரதம் முடிந்த சந்தோஷத்தில் நல்லமுத்து ஒரு கிளாஸுக்கு இரண்டு கிளாஸாகக் கொடுத்தார். லியனார்ட் இரண்டையும் ருசித்துக் குடித்துவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான்.

வயிறு பழைய பாக்கியை எல்லாம் வட்டியோடு தீர்த்தது. ஹட்டன் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் பஸ் நின்றது. கால்சட்டைப் பையிலிருந்த பொடியை அள்ளி அள்ளி வாயில் போட்டும் பலனில்லை. அன்றைக்குப் பார்த்து, இந்தியாவுக்குப் போகப் பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம் ஏறியிருந்தது. அவர்கள் ஸ்டேஷனுக்குள் ஓடும்போது ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் அழுகையும் கூச்சலும் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது.

மாலையில் பத்திநாதன் அவனை நிற்க வைத்தே பேசினார். அவர் கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் அதிகமாக உறைத்தது.

"லியனார்ட், உன்ன மாதிரி டிரைவர் எனக்குக் கெடைக்க மாட்டான். ஆனா பஸ்ஸ நம்பி ஏறுன சனத்த நடு ரோட்டுல விட முடியாது. மே மாசம் மொதச் சனிக்கிழமை நானே ஒன் வண்டியில வர்றேன். ஆள் ஏத்துற ஹோல்ட் இல்லாத எடத்துல ஒரு தரம் நின்னாலும் சாவியக் குடுத்துட்டுக் கராஜுக்கு வந்துரு. பஸ் கழுவுற வேலை இருக்கு."

மறுபடியும் வாளி, மறுபடியும் கந்தைத் துணி. லியனார்ட் வீட்டுக்கு வந்து பொடி டப்பாவை எடுத்து முற்றத்தில் கொட்டினான்.

மரியநாயகி அதைக் கூட்டி அள்ளிக்கொண்டே, தவக்காலத்தில் பொடி வேலை செய்ததே, பாஸ்குவுக்குப் பிறகு மட்டும் ஏன் செய்யவில்லை என்று தனக்குத்தானே கேட்பதுபோல முணுமுணுத்தாள். லியனார்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தவக்காலத்தில் அவன் பொடியைச் சாப்பிட்டது மட்டுமா செய்தான்? மூன்று சாமான்களை விட்டும் அல்லவா இருந்தான்! எதைச் சாப்பிட்டால் வருகிறது என்று பார்க்கச் சொன்ன டாக்டரின் பேச்சு, அப்போதுதான் அவன் காதுக்குள் சரியாக விழுந்தது.

அன்றே தவக்காலத்தை மறுபடி தொடங்கினான். நல்லமுத்துவிடம், ஏப்ரல் கடைசி வரைக்கும் ஒரு நேர்த்தி பாக்கி இருக்கிறது என்று சொல்லி வைத்தான். வயிறு அடங்கியது. பஸ் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராய்ச்சியை நடத்தினான்.

முதல் ஞாயிறு இறைச்சி. மூக்கு முட்டத் தின்றுவிட்டுக் கக்கூசுக்குப் போகும் பாதையைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்தான். ஒன்றும் நடக்கவில்லை. நல்ல தூக்கம் வந்தது. அடுத்த ஞாயிறு சாராயம். தலை கொஞ்சம் சுற்றியது, மரியநாயகியின் வாய் நிறையச் சுற்றியது. வயிறு மட்டும் அசையவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவளே ஒரு செம்பு பாலைக் காய்ச்சி நீட்டினாள். அவள் கழுவின செம்பைக் கவிழ்த்து வைப்பதற்குள் லியனார்ட் பாதி வழி ஓடிவிட்டான்.

திரும்பி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். புதன்கிழமை மாலை பஸ்ஸை நிறுத்தியபின் மறுபடி அரைக் கிளாஸ் குடித்துப் பார்த்தான். அதே ஓட்டம்.

மரியநாயகியால் நம்ப முடியவில்லை. "ஏங்க, பால் போயி ஒத்துக்காம இருக்குமா? கைக்கொழந்தைக்கே அதத்தானே குடுக்குறோம்."

"அது கொழந்தை. நான் வளந்துட்டேன்ல. லயத்துல நான் எங்க பாலக் கண்டேன்? கடுஞ்சாயத்துல வளந்த வயிறு இது. டிரைவர் ஆனதுந்தான் எல்லாம் வந்துச்சு. வயித்தக் குளுத்தி பண்றேன்னு நானே அதுல தீய அள்ளிப் போட்டிருக்கேன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

மே மாதத்து முதல் சனிக்கிழமை. பத்திநாதன் சாமிமலையிலேயே ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். மனேஜர் சோதிக்க வரும் விஷயம் தோட்டமெல்லாம் தெரிந்திருந்தது. வேலை இல்லாதவர்கள்கூட ஏறியிருந்தார்கள். ராக்காயி மகள் வீட்டுக்கென்று பலாக்காய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டைப் பிடித்திருந்தாள்.

மஸ்கெலியாவில் பஸ் நின்றது. பத்திநாதனும் லியனார்டும் இறங்கிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நல்லமுத்து காத்துக்கொண்டிருந்தார். நேர்த்தி முடிந்துவிட்டது, மனேஜரும் வந்திருக்கிறார்; கடையின் மானத்தைக் காட்ட இதைவிட நல்ல நாள் வருமா? பித்தளைத் தட்டில் இரண்டு பெரிய கிளாஸ். மேலே பாலாடை மஞ்சளாகத் திரண்டு நின்றது.

பத்திநாதன் ஒன்றை எடுத்துக்கொண்டார். லியனார்ட் கையை நீட்டவில்லை. தனக்குச் சாயத்தண்ணி போதும் என்றான்.

நல்லமுத்துவின் முகம் கறுத்தது. "என்ன டிரைவர் தம்பி, மனேஜர் ஐயா முன்னாடி என்னக் கேவலப்படுத்துறீங்களா? நல்லமுத்து கடையில டிரைவருக்குச் சாயத்தண்ணி குடுத்தான்னு எவனாச்சும் சொன்னா நான் கடைய மூடிட்டுத்தான் போகணும். பால்ல தண்ணி கலக்கிறேன்னு எவன் சொன்னான் ஒங்களுக்கு?"

கடைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு நேர்த்தி என்று சொல்லிவிடலாம். ஆனால் பாஸ்கு முடிந்து இத்தனை நாளான பிறகு எந்த நேர்த்தி என்று அவனைப்போலவே கிறிஸ்தவரான பத்திநாதனுக்குத் தெரியாதா? அவர் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிறது, மடமடவென்று குடித்துவிட்டு வரும்படி சொன்னார். ஒரே ஒரு கிளாஸ். வாங்கினால் நல்லமுத்து சந்தோஷப்படுவார், மனேஜர் சந்தோஷப்படுவார். வயிறு மட்டும் நோர்வூட்டுக்கு முன்னால் அவனை மறுபடி வாளிக்கும் கந்தைக்கும் அனுப்பிவிடும்.

லியனார்ட் எழுந்து நின்றான். அவன் இத்தனை காலம் மூடி மறைத்த விஷயத்தை இவ்வளவு பேர் முன்னால் சொல்வதற்கு, பனியில் முடக்கு திருப்புவதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

"நல்லமுத்தண்ணே, ஒங்க பால்ல குத்தம் இல்ல. இந்த ரோட்டுலயே நல்ல பாலு ஒங்க பாலுதான். என் வயித்துக்குத்தான் அது ஆகல. நானே பல தடவ குடிச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சேன். வழியில எறங்கி ஓடுனதெல்லாம் அதனாலதான், எஞ்சின் சூடும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒங்க கையால ஒரு சாயத்தண்ணி குடுங்க. அத மரியாதையா நெனச்சுத்தான் குடிப்பேன்."

யார் முதலில் சிரிப்பார்கள் என்று லியனார்ட் காத்திருந்தான். பஸ்ஸுக்குள்ளிருந்து ராக்காயியின் குரல்தான் வந்தது.

"குடுத்துத் தொலையேன்யா நல்லமுத்து. இத்தன வருசமா எங்களுக்கெல்லாம் அதத்தானே ஊத்துற? குடிச்சிட்டு நாங்க மலை ஏறல?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் இந்தச் சிரிப்பு அவனைக் குத்தவில்லை. நல்லமுத்து தட்டைக் கீழே வைத்தார். அடுப்பில் புதுத் தண்ணீர் வைத்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, சாயத்தண்ணியை அந்தப் பெரிய கிளாஸிலேயே நிறைய ஊற்றி, தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். லியனார்ட் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

பஸ் கிளம்பியது. வழக்கமாக முதல் சத்தம் கேட்கும் இடம் வந்தது. செல்லசாமி டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு டிரைவரின் பிடரியையே பார்த்தான். லியனார்ட் கியரை மாற்றினான். அந்த இடம் பின்னால் போயிற்று. அடுத்த முடக்கும் போயிற்று.

நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம்தான் சோதனை வந்தது. சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரைக்காரர்களின் பஸ் ஒன்று, ஏற்றத்தில் முக்கிக்கொண்டு எதிரே வந்து மூக்கோடு மூக்காக நின்றது. அதன் பின்னால் இரண்டு லாரிகள். அவர்களால் பின்வாங்க முடியாது. லியனார்ட்தான் மேல்நோக்கிப் பின்பக்கமாக ஏற்றி, ரோடு அகலும் இடத்தில் ஒதுங்க வேண்டும். பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பள்ளம். செல்லசாமி இறங்கிப் பின்னால் ஓடி, தகரத்தில் தட்டித் தட்டி வழி காட்டினான். யாரோ ஒருத்தி மாதாவைக் கூப்பிட்டாள், இன்னொருத்தி முருகனைக் கூப்பிட்டாள். முன்பானால் இந்தப் பதற்றம் ஒன்றே போதும், லியனார்டின் வயிறு கொடியேற்றிவிடும். இன்றைக்கு அது தூங்குகிற பிள்ளைபோலக் கிடந்தது. அவன் மனம் முழுக்கக் கையிலும் காலிலும் இருந்தது. அங்குலம் அங்குலமாக ஏற்றி ஒதுக்கினான். யாத்திரை பஸ் உரசாமல் கடந்தது. அதன் சிங்கள டிரைவர் தலையை வெளியே நீட்டி, "போஹொம ஸ்துதி, அய்யே" என்று அண்ணன் முறை வைத்து நன்றி சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டுப் போனான்.

போன நேரத்தை இறக்கத்தில் பிடித்தான். நோர்வூட்டில் ஆட்கள் இறங்கி ஏறும் நேரம் மட்டுமே நின்றான்; டிக்கோயாவிலும் அப்படியே. இரண்டு கடைக்காரர்களும் பால் கிளாஸோடு ஓடி வந்தார்கள். ஜன்னல் வழியே கையசைத்து, இனிமேல் சாயம் போதும் என்று சொல்லிவிட்டான். இரண்டாவது தரம் சொல்லும்போது வெட்கமே இல்லை.

டிக்கோயா ராக்காயி இறங்க வேண்டிய இடம். அவள் இறங்கவில்லை. முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொள்கிறேன் என்று பலாக்காயை இறுக்கிக்கொண்டாள்.

ஹட்டனுக்குள் நுழையும்போது கொழும்பு ரயில் இன்னும் ஸ்டேஷனுக்கு வந்திருக்கவில்லை. பஸ் நின்றதும் யாரோ கைதட்டினார்கள். உடனே பஸ் முழுக்கத் தட்டியது. ரயிலுக்குப் போகிறவர்கள் பெட்டிகளோடு ஓடும்போதும் டிரைவர் பக்கத்து ஜன்னலைத் தட்டிவிட்டு ஓடினார்கள். செல்லசாமி தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தான். அது பக்கத்து பஸ்ஸின் கூரையில் போய் விழுந்தது.

பத்திநாதன் எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து லியனார்டின் தோளில் கை வைத்தார். அடுத்த சீசனிலிருந்து யாத்திரை ஸ்பெஷலையும் அவனே ஓட்ட வேண்டும் என்றார். அது கம்பெனியின் மூத்த டிரைவர்களுக்கே கிடைக்கிற வண்டி. இறங்கப் போனவர், படியில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ரொம்ப நாளா நெஞ்செரிச்சல், லியனார்ட். ராத்திரியில படுக்க முடியல. நானும் பால விட்டுறட்டுமா?"

லியனார்ட் யோசித்தான். முன்பென்றால் பையிலிருந்து ஒரு பொட்டலம் பொடியை எடுத்து நீட்டியிருப்பான்.

"ஐயா, பால் எனக்குத்தான் ஆகல. ஒங்களுக்கு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொதல்ல டாக்டருகிட்டக் காட்டிருங்க. அப்புறம் ஒண்ணொண்ணா விட்டுப் பாருங்க. ஒங்க வயிறு ஒங்ககிட்டத்தான் பேசும்."

பத்திநாதன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். ஸ்டேஷன் பக்கமிருந்து ரயிலின் கூவல் மலையைத் தொட்டுத் திரும்பியது. செல்லசாமி அதற்குள் தொப்பியை மீட்டு வந்து, "சாமிமலை, மஸ்கெலியா, நோர்வூட்" என்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்திருந்தான். ராக்காயிதான் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். லியனார்ட் ஹாரனை நீளமாக ஒரு தரம் அடித்துவிட்டு, வண்டியை மலைப்பக்கம் திருப்பினான்.